குதிரைலாயம் ஸ்டாப்பில் அஞ்சு நிமிஷம்

சென்னையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் பொய்களிலேயே சாதுவான பொய் "அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்பது. தலையில் சோப்பு நுரையோடு சொல்வார்கள், ஒரு கையால் தோசையைத் திருப்பிக்கொண்டே சொல்வார்கள், "வண்டிய எடுத்துட்டேன்" என்கிறவர் கட்டிலுக்கடியில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார், "சிக்னல்ல நிக்கிறேன்" என்கிறவர் இன்னும் பல்லே விளக்கியிருக்க மாட்டார். சொல்கிறவருக்கு உறுத்தாது, கேட்கிறவருக்கு உறைக்காது, இருவருமாகச் சேர்ந்து அந்தப் பொய்யை ஒரு மரியாதை மாதிரி காப்பாற்றி வந்தார்கள். அப்படிப்பட்ட ஊரில், ஓர் ஐப்பசி மாதம் அடைமழை விட்டு வெயில் எட்டிப் பார்த்த வாரத்தில், அந்த வார்த்தை பலிக்கத் தொடங்கியது.

பலித்தது என்றால் சொன்னவர் சொன்னபடி வந்துவிட்டார் என்று நினைத்துவிடக் கூடாது. அவர் எப்போதும்போலத் தன் சௌகரியத்துக்குத்தான் வந்தார். கேட்டுக்கொண்டு நின்றவருக்குத்தான் அது பலித்தது. "நில்லு, அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்ற சொல்லை எவர் முழுசாக நம்பினாரோ அவர் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டார். கண் திறந்தபடி, கைக்கடிகாரத்து முள் பாதிவழியில் நின்றபடி, பசிக்காமல், கால் கடுக்காமல், ஒரு முடிகூட நரைக்காமல் நின்றார். யார் உலுக்கினாலும் அசையவில்லை, கிரேன் கட்டி இழுத்தும் நகரவில்லை. சொன்னவர் நேரில் வந்து எதிரே நின்றால் மட்டும் கண்ணைச் சிமிட்டி, "பரவால்லியே, சீக்கிரம் வந்துட்டியே" என்பார். அவருக்கு அஞ்சு நிமிஷம்கூட ஆகியிருக்காது. வெளியே ஒரு நாள் போயிருக்கலாம், ஒரு முகூர்த்த சீசனே முடிந்திருக்கலாம்.

முதல் வாரம் ஊர் கொஞ்சம் பதறியது. இரண்டாம் வாரம் பழகிவிட்டது, ஏனென்றால் எல்லோருக்கும் ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. நிற்பவர்களைச் சுற்றி யாரோ மஞ்சள் பெயின்டில் கட்டம் போட்டார்கள், டூவீலர்காரர்கள் அதைப் பார்க்கிங் என்று நினைத்து வண்டியை விட்டுவிட்டுப் போனார்கள், வழி சொல்கிறவர்கள் "செவப்புப் பொடவை அக்காவைத் தாண்டி லெஃப்ட்" என்று சொல்லக் கற்றார்கள், ஆயுத பூஜையன்று ஆட்டோவுக்குச் சந்தனம் வைத்த கையோடு பக்கத்தில் நிற்கிறவர் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தார்கள். ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நின்றுவிட்ட மாமாவை வரவேற்பு ஆள் என்று நினைத்து மூன்று கல்யாணத்துக்காரர்கள் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்கள்.

யார் நின்றார்கள் என்பதைவிட யார் நிற்கவில்லை என்பதுதான் பெரிய பேச்சாக இருந்தது. தையற்கடை வாசலில் ஒருத்தர்கூட நிற்கவில்லை. "காஜா மட்டும்தான் பாக்கி, அஞ்சு நிமிஷம்" என்பதை அந்த ஊரில் பச்சைக் குழந்தையும் நம்பாது. மந்தைவெளியில் ஒருவர் தன் மனைவியைக் கோயில் வாசலில் நிற்க வைத்து, அஞ்சு நிமிஷம் என்று சொல்லிவிட்டு, தூணுக்குப் பின்னால் ஒளிந்திருந்து பார்த்தார். அந்த அம்மாள் ஒரு தரம் மணி பார்த்தாள், பிறகு நிதானமாகப் போய் வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மனிதர் அன்றைக்கெல்லாம் சாப்பிடவில்லை. பெண் பார்க்கப் போன இடங்களில் "எங்க பையன், ஃப்ரெண்டு சொன்னான்னு தீபாவளி பூரா நின்னவன்" என்று பெருமையாகச் சொன்னார்கள், அப்படிச் சொன்னால் சம்பந்தம் அநேகமாக முடிந்துவிடும்.

இரண்டு மூன்று வருஷத்தில் புதிதாக நிற்பவர்கள் அருகிப்போனார்கள். ஊருக்கு வந்த நோய் தானாகவே தீர்ந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். ஊர் யாரையும் நம்புவதை விட்டுவிட்டது என்பதுதான் நிஜம், அதை அப்படி உட்கார்ந்து யோசிக்க யாருக்கும் நேரமில்லை. முன்பே நின்றவர்களையும் அவரவர் வந்து கூட்டிப் போனார்கள். சொன்னவர் செத்துப்போயோ, சீமைக்குப் போயோ, முகம் காட்ட வெட்கப்பட்டோ வராமல் விட்ட சிலபேர்தான் அங்கங்கே மிஞ்சினார்கள்.

அப்படி மிஞ்சியவர்களில் ஒருவர் குதிரைலாயம் ஸ்டாப்பில் நின்ற ஆவுடைநாயகம். பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். சென்னையில் பஸ் நேரத்தை மனசார நம்பிய ஒரே மனிதர் என்று கண்டக்டர்கள் அந்தக் காலத்தில் கேலி பண்ணுவார்கள். கட்டம் போட்ட வெள்ளைச் சட்டை, மடித்துவிட்ட கை, வலது கையில் ஒயர்கூடை, கூடைக்குள் மூடிபோட்ட தூக்குவாளி. ஒரு கால் நடைபாதை ஓரத்தில், கண் தெருமுனை வளைவில். வாளிக்குள் இருந்த நொய்க்கஞ்சி ஏழாவது வருஷமாக ஆறவில்லை. சமையல் தெரியாத மனிதர் காய்ச்சியது, அடிபிடித்துவிட்டிருந்தது. அந்த ஸ்டாப்பில் பஸ் நின்றால் ஜன்னல் வழியாக லேசாக அந்தத் தீய்ந்த வாசனை வரும்.

குதிரைலாயத்தில் குதிரையும் கிடையாது, லாயமும் கிடையாது. ஆனால் ஆவுடைநாயகம் இருந்தார். அதனால் கண்டக்டர்கள் பழைய பேரை விட்டுவிட்டு, "பெருசு! பெருசெல்லாம் எறங்கு!" என்று கத்த ஆரம்பித்திருந்தார்கள்.

அந்தக் குரல் கேட்கும்போதெல்லாம் பஸ்ஸின் வலதுபக்க சீட்டில் உட்கார்ந்திருக்கும் செண்பகவல்லி போனைக் காதில் வைத்துக்கொண்டு பேசாத யாருடனோ பேசுவாள். அவர் நிற்பது இடதுபக்கம். ஏழு வருஷமாக அவள் இடதுபக்கம் உட்கார்ந்ததில்லை. சீட் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பாள். அவளிடம் ஸ்கூட்டர் இருந்தது, ஆனால் ஸ்கூட்டரில் போனால் அந்த வளைவில் திரும்ப வேண்டும், அவர் கண் பார்த்துக்கொண்டிருக்கிற அதே வளைவு. அதனால் அதை வீட்டுக்குக் கீழே பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடிவைத்திருந்தாள். ஆவுடைநாயகம் அவளுடைய அப்பா. நில்லுங்கப்பா என்று சொன்னது அவள்தான்.

பஸ்ஸில் ஏறுகிறவர்கள் பேசிக்கொள்வார்கள். "எந்தப் பாவி நிக்க வெச்சுட்டுப் போனானோ." "பெத்த புள்ளையாத்தான் இருக்கும், வேற யாரு இப்படி நம்ப முடியும்." அவளுக்குத் திரும்பிப் பார்த்து, ஆமாம் நான்தான் என்று சொல்லிவிடலாமா என்று தோன்றும். அதற்குள் அடுத்த ஸ்டாப் வந்துவிடும். இந்த ஊரில் அடுத்த ஸ்டாப் மட்டும் எப்போதும் சரியாக வந்துவிடுகிறது.

அந்த ஐப்பசியில் நடந்தது இதுதான். அவள் அம்மா மரகதம் நெஞ்சுவலி என்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள், தேறிவருகிறாள் என்றுதான் டாக்டர் சொல்லியிருந்தார். அப்பா கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்ப, "பஸ்ல எதுக்குப்பா, ஸ்டாப்லயே நில்லுங்க, அஞ்சு நிமிஷத்துல வண்டில வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று போனில் சொன்னாள். சொல்லும்போது அவள் தலையில் ஹெட்செட் இருந்தது. பார்சல் கம்பெனியில் வாடிக்கையாளர் புகார் கேட்கிற வேலை. "ஆள் பக்கத்துலயே வந்துட்டாரு சார், அஞ்சு நிமிஷம்" என்பதைக் காலையிலிருந்து சாயங்காலம்வரை சொல்லியாக வேண்டும், சொல்லிச்சொல்லி அந்தச் சொல்லுக்கு அவள் வாயில் அர்த்தமே இல்லாமல் போயிருந்தது. இன்னும் ஒரு கால், இன்னும் ஒரே ஒரு கால் என்று உட்கார்ந்திருந்தவளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. வேறு ரோடு வழியாக, நேராக அங்கே ஓடினாள்.

அம்மாவுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவள் கேட்டது ஒன்றுதான்.

"அப்பா வரலியா?"

"வந்துட்டே இருக்கார்மா. அஞ்சு நிமிஷம்."

மரகதம் மகள் முகத்தைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்து நாளிலிருந்து அந்த முகத்தையும் அந்த அஞ்சு நிமிஷத்தையும் பார்த்தவள். "உன் அஞ்சு நிமிஷம் எனக்குத் தெரியாதாடி" என்று லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்போடு போய்விட்டாள்.

அந்த வாரம்தான் ஊர்முழுக்க நம்பினவர்கள் நம்பின இடத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். அம்மா மட்டும் ஒரு கணம் அதை நம்பியிருந்தால், அப்பா வந்து கட்டில் பக்கத்தில் நிற்கும்வரைக்கும் அவளும் மூச்சோடு நின்றிருப்பாள். செண்பகவல்லிக்கு இது ஒரு மாதம் கழித்துத்தான் உறைத்தது. உறைத்த அன்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள், அப்படியே தொட்டியடியில் உட்கார்ந்துவிட்டாள். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. வாயைத் திறந்து சொல்லக்கூடிய ஆள் ஒருவர்தான், அவர் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்தார்.

அம்மா போன அன்று சாயங்காலமே சித்தப்பா மகன் போய்த் தேடி, ஸ்டாப்பில் நிற்கிறவரைக் கண்டுபிடித்தான். "நீ வந்து கூப்பிட்டாத்தான் பெரியப்பா அசைவாரு போலிருக்குக்கா" என்றான். கூடியிருந்த உறவுக்காரர்கள் யோசித்தார்கள். இந்த வயசில் அந்த மனுஷன் இதைப் பார்த்துத் தாங்குவாரா, காரியமெல்லாம் முடியட்டும், மெதுவாகச் சொல்லலாம், அதுவரை அவர் நிம்மதியாகத்தானே நிற்கிறார் என்றார்கள். எல்லோரும் நல்ல மனசோடுதான் சொன்னார்கள். செண்பகவல்லியும் அதைப் பிடித்துக்கொண்டாள். பதினாறு முடியட்டும் என்றாள், மாசம் கழியட்டும் என்றாள், தலைத்திவசத்தன்று கட்டாயம் என்றாள். ஒவ்வொரு தவணைக்கும் போய்ச் சொல்ல வேண்டிய சேதியில் இன்னொரு சேதி கூடிக்கொண்டே போயிற்று. முதல் நாள் போயிருந்தால் 'அம்மா போயிட்டாங்கப்பா' என்று மட்டும் சொல்லியிருக்கலாம். இப்போது 'அம்மா போயி ஏழு வருஷமாச்சு, நான் தினமும் இந்த வழியாத்தான் போறேன்' என்றல்லவா சொல்ல வேண்டும்.

அவருக்குள்ளே அம்மா உயிரோடிருக்கிறாள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். உலகத்தில் அம்மா உயிரோடிருக்கிற ஒரே இடம் அந்த ஸ்டாப்பில் நிற்கிற மனிதரின் தலைக்குள்தான், அதை எதற்குக் கலைக்க வேண்டும் என்பாள். இது அன்பா, கோழைத்தனமா என்று பிரித்துப் பார்க்க அவள் முயன்றதில்லை.

எத்தனையோ நாள் தள்ளிப்போட்டவளை அசைத்தது அவள் மகள் ஓவியா. எட்டாம் வகுப்பு, பச்சைக் கட்டம் போட்ட யூனிஃபார்ம். ஒன்பதாம் வகுப்புக்குப் போனால் நீலம் என்று நாள் எண்ணிக்கொண்டிருப்பவள். வீட்டில் அவர்கள் இருவர்தான், ஓவியாவின் அப்பா மஸ்கட்டில். மாசி மாதத்தில் ஒரு நாள், ஸ்பெஷல் கிளாஸ் முடிகிற நேரத்தில், "கேட்லயே நில்லு ஓவி, அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு செண்பகவல்லி வழக்கம்போல ஆபீசிலேயே உட்கார்ந்துவிட்டாள். பிறகு திடுக்கிட்டு எழுந்து, ஆட்டோ பிடித்து, ஐயோ பிள்ளை நின்றிருப்பாளே, கல்லாய் நின்றிருப்பாளே என்று வழியெல்லாம் ஆட்டோக்காரரை விரட்டிக்கொண்டே போய் இறங்கினாள். கேட்டில் யாரும் இல்லை.

ஓவியா வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து மிக்சர் தின்றுகொண்டிருந்தாள்.

"ஷேர் ஆட்டோல வந்துட்டேன்மா."

"நான் நிக்கச் சொன்னேன்ல?"

"நீ சொன்னா யாரும்மா நிப்பாங்க?" என்றாள் ஓவியா. கோபமாகச் சொல்லவில்லை. மிக்சரில் கடலையைத் தனியாகப் பொறுக்கிக்கொண்டே, வெயில் அடிக்குது என்பதுபோலச் சொன்னாள்.

செண்பகவல்லி அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்தில் அழுதாள். அம்மா நம்பவில்லை, மகள் நம்பவில்லை, நாள் முழுக்க அவள் குரலைக் கேட்கிற இத்தனை வாடிக்கையாளரில் ஒருத்தரும் அவள் பேச்சுக்கு நின்றதில்லை. இந்தப் பெரிய ஊரில் அவள் வார்த்தையை நம்பியவர் ஒரே ஒரு மனிதர், அவரைத்தான் அவள் நடுரோட்டில் விட்டு வைத்திருந்தாள்.

மறுநாள் லீவு போட்டாள். ஸ்கூட்டர் மேலிருந்த ஷீட்டை உருவினாள், மெக்கானிக்கைக் கூட்டிவந்து பேட்டரி மாற்றினாள். ஓவியாவிடம் "தாத்தாவைக் கூட்டிட்டு வரப் போறேன்" என்றாள். எந்தத் தாத்தா என்று ஓவியா கேட்கவில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது, அதுவும் செண்பகவல்லிக்கு அன்றுதான் தெரிந்தது. நல்ல உச்சி வெயிலில், ஏழு வருஷமாகத் திரும்பாத அந்த வளைவில் திரும்பினாள்.

ஸ்டாப்பில் மைமூனின் கம்மங்கூழ் வண்டி நின்றது. ஆவுடைநாயகத்தின் பக்கத்தில் கடை போட்ட நாளிலிருந்து மைமூன்தான் அவருக்கு எல்லாம். காலையில் வந்ததும் ஈரத்துணியால் அவர் முகத்துத் தூசியைத் துடைப்பாள், மழை வந்தால் குடையை அவர் காலரில் செருகுவாள், சில்லறைப் பையை அவருடைய இடது கையில் மாட்டிவைப்பாள், வியாபாரம் மந்தமான நேரத்தில் வீட்டுச் சண்டைகளையெல்லாம் அவரிடம் சொல்லி, "நீயே சொல்லு பெர்சு, என் மேல தப்பா?" என்று நியாயம் கேட்பாள். ஸ்கூட்டர் வந்து ஓரமாக நின்றதையும் இறங்கியவளின் மூக்கு பெருசின் மூக்காகவே இருந்ததையும் பார்த்தவுடன் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"நீதானா அது?" என்றாள் மைமூன். கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "தெனம் அந்தப் பஸ்ல மூஞ்சத் திருப்பினு போவியே, நீதானா? நான் வேற யாரோ பாவம் தலைவலிக்காரின்னு நென்ச்சுனு இருந்தேன்."

செண்பகவல்லி தலையை ஆட்டினாள். மைமூன் திட்டப்போகிறாள் என்று எதிர்பார்த்தாள், திட்டினால் நன்றாயிருக்கும் என்றுகூட நினைத்தாள். மைமூன் திட்டவில்லை. பெருசின் கையிலிருந்து தன் பையைக் கழற்றிக்கொண்டு, சட்டைக் காலரை ஒரு தரம் நீவிச் சரிபண்ணிவிட்டு நகர்ந்தாள்.

செண்பகவல்லி போய் அவர் எதிரே நின்றாள். ஆவுடைநாயகம் கண்ணைச் சிமிட்டினார். கடிகாரத்தைப் பார்த்தார்.

"அஞ்சு நிமிஷம்னே, அதுக்குள்ள வந்துட்டியே!" என்றார். முகமெல்லாம் சந்தோஷம். "எடு எடு, வண்டியத் திருப்பு. கஞ்சி ஆறிடும். கொஞ்சம் அடிபிடிச்சிடுச்சு, உங்கம்மா திட்டத்தான் போறா. திட்டட்டும், திட்டுனாத்தான் தேறிட்டான்னு அர்த்தம்."

எத்தனையோ விதமாக ஆரம்பிக்க அவள் ஒத்திகை பார்த்திருந்தாள். வாய்க்குப் பழகியதுதான் வந்தது.

"கொஞ்சம் லேட்டாயிடுச்சுப்பா. டிராஃபிக்."

அவர் சிரித்துக்கொண்டே பின்சீட்டில் கை வைத்தவர், அப்படியே நின்றார். அவள் காதோர நரையைப் பார்த்தார். அவள் மூக்கில் கண்ணாடி இருந்தது. நிமிர்ந்து எதிரே பார்த்தார். ஐஸ் கம்பெனி இருந்த இடத்தில் ஒரு மேம்பாலம் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. டைம் கீப்பராக இருந்தவர், வராத வண்டி எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று கணக்குப் போட்டே பழகியவர். மெல்லக் கணக்குப் போட்டார்.

"அம்மா?" என்றார்.

"அன்னிக்கேப்பா."

பஸ் ஒன்று வந்து, "பெருசு! பெருசு எறங்கு!" என்று கத்திவிட்டுப் போயிற்று. அவர் அந்தச் சத்தம் போகும்வரை பொறுத்திருந்தார்.

"என்னைக் கேட்டாளா?"

பொய் சொல்ல இடமிருந்தது. தூக்கத்திலேயே போயிட்டாங்க என்று சொல்லியிருக்கலாம், உறவுக்காரர்கள் அப்படித்தான் சொல்லச் சொன்னார்கள். "கேட்டாங்க" என்றாள் செண்பகவல்லி. "வந்துட்டே இருக்கார், அஞ்சு நிமிஷம்னு சொன்னேன். நீங்க நம்புன மாதிரி அவங்களும் நம்பியிருந்தா நீங்க வர்றவரைக்கும் இருந்திருப்பாங்கப்பா. நம்பல. நான் சொன்னதால நம்பல. வேற யாரு சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பாங்க." பாக்கியையும் சொன்னாள். "அதுக்கப்புறமும் நான் வரல. தினமும் இந்த வழியாத்தான் போனேன்."

சொல்லி முடித்தபோது மனசு லேசாகும் என்று நினைத்திருந்தாள். ஆகவில்லை. அவர் முகத்தில் கோபம் இருக்கிறதா என்று தேடினாள், அதுவும் இல்லை. ஆவுடைநாயகம் தூக்குவாளியின் மூடியைத் திறந்து பார்த்தார். ஆவி வந்து அவர் முகத்தில் பட்டது. மூடினார்.

ஒயர்கூடையை அவள் கையில் கொடுத்தார்.

"இதைப் பிடிச்சுக்கோம்மா. இங்கயே நில்லு. அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்."

வந்து நின்ற பஸ்ஸில் ஏறினார். எந்த பஸ், எங்கே போகிறது என்று அவர் பார்த்ததாகத் தெரியவில்லை. மைமூன் மட்டும் "ஏய், போவ வுடாதே, கூப்புடு!" என்று கத்தினாள். செண்பகவல்லி கூப்பிடவில்லை. அப்பா சொன்னால் சொன்னதுதான். அவர் வாழ்க்கையில் ஒரு தரமும் சொன்ன நேரத்துக்கு வராமல் இருந்ததில்லை. பள்ளிக்கூட வாசலில், ஆஸ்பத்திரியில், அவள் கல்யாண முகூர்த்தத்தில், எங்கேயும். அஞ்சு நிமிஷம் என்றால் அஞ்சு நிமிஷத்தில் வருவார். இத்தனை வருஷத்தில் யாருடைய அஞ்சு நிமிஷத்துக்கும் அவள் நின்றதில்லை, நம்பினால்தானே நிற்பதற்கு. இப்போது மனசில் ஒரு துளி சந்தேகமும் இல்லாமல், கூடையைப் பிடித்துக்கொண்டு, பஸ் போன திசையைப் பார்த்தபடி நின்றாள்.

வாளியின் சூடு முழங்காலில் பட்டது. நன்றாயிருந்தது. ரோட்டில் வண்டிகள் ஒன்றோடொன்று கலந்து ஒரே கோடாக ஓடுவதுபோல இருந்தது, வெயில் யாரோ சுவிட்ச் போட்டு அணைப்பதுபோல மினுக்கியது, கண் கூசுகிறது, வேறொன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டாள். ஓவியாவுக்குச் சாயங்காலம் என்ன செய்து கொடுக்கலாம் என்று யோசிக்க ஆரம்பித்தாள். கேசரி செய்யலாம், ரவை இருக்கிறதா என்று நினைப்பதற்குள் ஒரு பஸ் வந்து நின்றது.

"கஞ்சியக்கா! கஞ்சியக்கா எறங்கு!" என்று கண்டக்டர் கத்தினார்.

யாரைச் சொல்கிறார் என்று அவள் பார்த்தாள். பஸ்ஸிலிருந்து அப்பா இறங்கினார். சட்டை வேறாக இருந்தது. தலை மொட்டையடித்து மறுபடி விரற்கடை முடி வளர்ந்திருந்தது, அத்தனையும் வெள்ளை. மீசை இல்லை. ஏழு வருஷத்துக்கு முன்னால் தன் கையால் செய்திருக்க வேண்டிய காரியத்தை எங்கோ கடற்கரையில் உட்கார்ந்து செய்துவிட்டு வந்திருக்கிறார் என்று பார்த்ததுமே தெரிந்தது. அவருக்குப் பின்னால் ஓவியா இறங்கினாள், பலநாள் பழகியவள்போலத் தாத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு. யூனிஃபார்ம் நீலமாக இருந்தது.

செண்பகவல்லி குனிந்து பார்த்தாள். அவள் இடது கையில் மைமூனின் சில்லறைப் பை தொங்கிக்கொண்டிருந்தது, நெற்றியில் காய்ந்துபோன சந்தனம் இழுத்தது. வண்டிக்குப் புதுக்குடை வந்திருந்தது. மைமூன் அகப்பையோடு நின்று, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நெஜமாவே நின்னுட்டியாம்மா நீ?" என்றாள் ஓவியா. அவள் குரலில் அப்படி ஒரு ஆச்சரியத்தைச் செண்பகவல்லி அதுவரை கேட்டதில்லை.

வேண்டுமென்றே வராமல் இருந்தாரா, வர நினைத்தும் கால் வராமல் இருந்தாரா என்று அப்பாவிடம் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. அவளுக்கே ஏழு வருஷமும் அந்த வித்தியாசம் தெரிந்ததில்லை.

ஆவுடைநாயகம் எதிரே வந்து நின்றார். கடிகாரத்தைப் பார்க்கப்போய், பார்க்காமல் கையை இறக்கிக்கொண்டார். மகளின் முகத்தை நேராகப் பார்க்க முடியாமல், அவள் தோளுக்குப் பின்னால் இருந்த வளைவைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கொஞ்சம் லேட்டாயிடுச்சும்மா. டிராஃபிக்."